பகையாளி செத்த அன்று வெடி போட்ட வீடு எங்களுடையது

அந்த வெடிக்குச் சிரித்தவன் நான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குலசேகரம் பக்கம் எங்களுக்கு ஒரு ரப்பர் விளை, அதாவது தோட்டம், உண்டு. அதற்குப் போகிற வழியைப் பக்கத்து விளைக்காரர் ஒரே ராத்திரியில் கல் கட்டி அடைத்துவிட்டார். அப்பா பத்துப் பன்னிரண்டு வருஷம் மஞ்சள் பையில் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு நடந்தார், தீர்ப்பு வருமுன் போய்ச் சேர்ந்தார். இன்றைக்கும் பால் வெட்டுகிறவர் வாளியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைச் சுற்றித்தான் வரவேண்டும்.

2011 மே 2, திங்கட்கிழமை. காலை ஒன்பது மணிக்கு மேல் டீக்கடை டிவியில், ஒசாமா பின்லேடனை அபோட்டாபாத்தில் சுட்டுக் கொன்றுவிட்டதாக ஒபாமா அறிவித்த செய்தி. அமெரிக்காவில் அப்போது நடுராத்திரி, வெள்ளை மாளிகை வாசலில் கல்லூரிப் பிள்ளைகள் கொடியோடு குதித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரத் தாத்தா, "ஒருத்தன் செத்ததுக்கு இப்பிடியா ஆடுவாங்க" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரே காலையில் கிட்டத்தட்ட 3000 பேர் சாகக் காரணமானவன், பறிகொடுத்தவர்கள் பத்து வருஷமாகக் காத்துக்கிடந்திருக்கிறார்கள், ஆடினால் என்ன தப்பு என்று சண்டைக்கே போனேன். உண்மையில் அந்த நேரம் என் மனதில் இருந்த முகம் பின்லேடனுடையது அல்ல, பக்கத்து விளைக்காரருடையது. எவ்வளவு அற்பமான ஒப்பீடு பாருங்கள், ஆனால் அப்படித்தான் இருந்தது.

அடுத்த வருஷம் அவர் இறந்தார். சித்தப்பா தீபாவளிக்கு மிஞ்சிய சரவெடியை எடுத்துவந்து முற்றத்தில் கொளுத்தினார், நான் சிரித்தேன். வெடி நின்றபோதுதான் கவனித்தேன், அதுவரை அந்த வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த அழுகையும் நின்றிருந்தது. அரை நிமிஷம் இருக்கும், இரண்டு வீட்டிலும் சத்தமே இல்லை. அப்புறம் அவருடைய மகள், என்னோடு பத்தாம் வகுப்புவரை படித்தவள், மறுபடி அழ ஆரம்பித்தாள்.

"லேய், சாவு வீட்டுக்குக் கேக்க வெடி போடுதியே, நீ மனுசனா?" என்று ஆச்சி சித்தப்பாவிடம் கத்தினாள். அம்மா ஒன்றும் பேசவில்லை. அந்த மனுஷனைச் சபிக்காத நாள் அம்மாவுக்குக் கிடையாது, அப்படிப்பட்டவள் பெரிய பானையில் கருப்பட்டிக் காப்பி போட்டு என் கையில் கொடுத்தாள். வழிதான் அடைத்துக் கிடக்கிறதே, ரோட்டைச் சுற்றித் தூக்கிப் போனேன். யாரோ வாங்கிக்கொண்டார்கள், முகம் பார்க்கவில்லை. சந்தோஷம் போய்விட்டதா என்றால் இல்லை, காப்பி தூக்கிப் போகும்போதும் கொஞ்சம் இருந்தது. அதை அந்த வீட்டுக்குக் கேட்கும்படி செய்ததுதான் இன்றுவரை குத்துகிறது.

*

நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்குக் கன்னியாகுமரி. விஜயதசமிக்கு பகவதி அம்மன் மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்குப் போவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், பாணாசுரனை வதம் செய்யும்போது நாங்களும் கூடச் சேர்ந்து சத்தம் போடுவோம். அதனால் உங்கள் சித்தப்பாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என்ன, அசுரன் அடுத்த வருஷமும் வருவான், அவனுக்காக அழுகிற பிள்ளைகள் பக்கத்து வீட்டில் கிடையாது.

*

நீங்கள் டீக்கடையில் சண்டைக்குப் போன அதே மே 2 அன்று நான் என் ஆபீஸில் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். இதே நான்தான் அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2009 மே மாதம், பிரபாகரன் கொல்லப்பட்டதாக அறிவித்த பிறகு கொழும்புத் தெருக்களில் வெடி வெடித்துப் பால்சோறு கொடுத்ததை டிவியில் பார்த்து, இவர்களெல்லாம் மனிதர்களா என்று கத்தினேன். இரண்டும் ஒன்றல்ல என்று இப்போதும் வாதாடுவேன். ஆனால் அங்கே வெடி போட்டவர்களிலும் குண்டுவெடிப்பில் வீட்டு ஆளைப் பறிகொடுத்தவர்கள் இருந்திருப்பார்களே என்று யாராவது கேட்டால் கொஞ்சம் திணறுகிறேன்.

எங்களோடு வேலை பார்த்த ஒருவர் அகதிகள் முகாமில் வளர்ந்தவர். மிட்டாயை வாங்கிக்கொண்டு என்ன விசேஷம் என்று கேட்டார், சொன்னேன். பிரிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டார்.