ஸ்ப்ரே அடித்ததும் கடைவீட்டுச் சுவரில் குழிகள்: உதவி தேவை

ஜெலுத்தோங்_இளையவன்
வணக்கம். இரண்டாம் உலகப் போர்க் காட்சியைச் சிறு அளவில் காட்டும் டயோராமாவுக்காக, பினாங்கு ஜார்ஜ்டவுன் கடைவீடு ஒன்றை ஃபோமில் செய்து வருகிறேன். அதன் முன்னால் ஒரு ஜப்பானிய டாங்கி நிற்க வேண்டும். நேற்றிரவு வண்ணத்துக்கு அடிப்பூச்சாகப் பிரைமர் ஸ்ப்ரே அடித்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால், செங்கல் செதுக்கிய பகுதி முழுவதும் அரித்ததுபோல் குழி விழுந்திருக்கிறது. சுவரும் வில்லாக வளைந்துவிட்டது. இதே டின்னைத்தான் டாங்கிக்கும் அடித்தேன், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இது எனக்கு முதல் கட்டடம். சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டியிருப்பதால், தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

பிறை_தச்சன்
எந்த வகை ஃபோம் என்று நீங்கள் சொல்லவில்லை. மீன் பெட்டிகளில் வரும் மணிமணியான வெள்ளைப் பாலிஸ்டிரீனா, நெருக்கமான எக்ஸ்பிஎஸ் (அழுத்தி வார்த்த பாலிஸ்டிரீன்) பலகையா, அல்லது இருபக்கமும் தாள் ஒட்டிய ஃபோம் போர்டா? அளவு 1/35 (உண்மையில் 35இல் ஒரு பங்கு) தானா? சுவரை எந்தப் பசையால் ஒட்டினீர்கள்? வளைவு உட்பக்கமாகவா, வெளிப்பக்கமாகவா? இவை தெரிந்தால்தான் காரணத்தைச் சொல்ல முடியும்.

கிள்ளான்_தூரிகை
ஸ்ப்ரே அடித்தபின் மொட்டைமாடியிலோ பால்கனியிலோ காய வைத்தீர்களா? நம் ஊர் வெயிலில் ஃபோம் இளகிவிடும் என்பதே என் கருத்து. நான் எப்போதும் மின்விசிறியின் கீழேதான் காய வைப்பேன்.

பிறை_தச்சன்
அவர் இரவில் அடித்துக் காலையில் பார்த்ததாகச் சொல்கிறார், ஐயா. அதோடு, பாலிஸ்டிரீன் 100 டிகிரி செல்சியசை நெருங்கும்போதுதான் நன்றாக இளகும். பால்கனி அவ்வளவு சூடாவதில்லை.

ஆயர்_ஈத்தாம்_35
எனக்குப் பசையின்மீதுதான் சந்தேகம். சூப்பர் குளூவும், கரைப்பான் கலந்த மஞ்சள் நிறச் செருப்புப் பசையும் ஃபோமை உருக்கிவிடும். வெள்ளைப் பசையைத் தவிர வேறு எதையும் தொடக்கநிலையில் பயன்படுத்தாதீர்கள். ஆனால் ஃபோமுக்கு நடுவே அதன் ஈரம் வெளியேற வழியில்லாததால், குண்டூசி குத்தி ஓர் இரவு முழுவதும் விட வேண்டும்.

மூத்த_செதுக்கர்
தம்பி, கரைப்பான் கலந்த ஸ்ப்ரே பாலிஸ்டிரீனைக் கரைக்கும் என்பது இக்கலையின் அரிச்சுவடி. அரிச்சுவடியைப் புரட்டாமல் காப்பியம் எழுத உட்காருகிறவர்களுக்கு நாங்கள் ஒவ்வொரு மாதமும் இதே பதிலைச் சொல்லி வருகிறோம். என்னைக் கேட்டால், தொடக்கநிலையில் உள்ளவர் ஃபோமைத் தொடவே கூடாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை அச்சில் வார்த்துச் செதுக்கிப் பழகுவதே முறை.

ஜெலுத்தோங்_இளையவன்
எழுதுபொருள் கடையில் வாங்கிய, இருபக்கமும் தாள் ஒட்டிய 5 மில்லிமீட்டர் பலகை. அளவு 1/35. செங்கல் செதுக்குவதற்காக முன்பக்கத் தாளை மட்டும் ஈரப்படுத்தி உரித்தேன். பசை, வெள்ளைப் பசைதான். தாள் விட்டுவைத்த தூண்களில் குழியே இல்லை. வளைவு உட்பக்கமாக. ஆனால் டாங்கியும் பாலிஸ்டிரீன்தானே, அது ஏன் கரையவில்லை?

பிறை_தச்சன்
இப்போது விளங்குகிறது. டாங்கி கெட்டியான பாலிஸ்டிரீன் என்பதால், கரைப்பான் அதன் மேற்பரப்பை மட்டும் மெல்லக் கடித்துவிட்டு ஆவியாகிவிடுகிறது; பிரைமர் நன்றாகப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஃபோமிலோ நூற்றில் 95 பங்குக்கு மேல் காற்றுதான் இருக்கிறது. நுரைக்குமிழிகளின் சுவர்கள் மிக மெல்லியவை என்பதால், அதே அளவு கரைப்பான் பட்டதும் அவை அடுத்தடுத்துச் சரிந்து குழியாகிவிடுகின்றன. தூண்களைத் தாள் காப்பாற்றியிருக்கிறது.

வளைவுக்குக் காரணம் வேறு. ஒருபக்கத் தாளை உரித்துவிட்டதால், பின்பக்கத் தாள் ஈரத்தை வாங்கி உலரும்போது அது சுருங்கி இழுப்பதை எதிர்த்து இழுக்க முன்பக்கத்தில் எதுவும் இல்லை. பின்பக்கத் தாளையும் உரித்துவிட்டு, கனமான புத்தகங்களின் கீழே சமதளத்தில் வையுங்கள். பிறகு வெள்ளைப் பசையோடு கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தைக் கலந்து, இருபக்கமும் தூரிகையால் இரண்டு பூச்சு கொடுங்கள். பினாங்கின் ஈரக்காற்றில் ஒவ்வொரு பூச்சும் உலர நேரமெடுக்கும் என்பதால் அவசரப்படாதீர்கள். அப்படிப் பூசிய பின்னும் ஸ்ப்ரே வேண்டாம். ஓர் ஊசித்துளை விடுபட்டிருந்தாலும் கரைப்பான் உள்ளே நுழைந்துவிடும். கடைசிவரை நீரில் கரையும் அக்ரிலிக்கே போதும்.

மூத்த_செதுக்கர்
அடிப்படையை விட்டுவிட்டு ஒட்டுப்போடுகிறீர்கள். ஜார்ஜ்டவுன் வீதியில் ஜப்பானிய டாங்கிக்கு என்ன வேலை? 1941 டிசம்பர் நடுவில் பிரிட்டிஷ் படை சண்டையிடாமலே பினாங்குத் தீவைவிட்டு வெளியேறியது. 19ஆம் தேதி ஜப்பானியர் எதிர்ப்பின்றி உள்ளே வந்தனர். டாங்கிச் சண்டை வேண்டுமானால், 1942 ஜனவரி 7இல் நடந்த சிலிம் ரிவர் சண்டையை எடுத்துக்கொள்ளட்டும். அங்கே கடைவீடு வேண்டாம், ரப்பர் மரங்களும் நெடுஞ்சாலையும் போதும்.

ஆயர்_ஈத்தாம்_35
அவர் சண்டைக் காட்சி என்று எங்கே சொன்னார்? நின்றுகொண்டிருக்கும் டாங்கி என்றுதான் சொல்கிறார். வீடு சிதைந்திருப்பதற்கு டிசம்பர் 11இல் நடந்த குண்டுவீச்சே போதும். விமானங்களை வேடிக்கை பார்க்க வீதிக்கு வந்தவர்கள் பலர் இறந்த நாள் அது. அதை யாராவது சிறு அளவில் செய்து வைப்பதை நாம் வரவேற்க வேண்டும்.

மூத்த_செதுக்கர்
அப்படியானால் சிதைவு குண்டுவீச்சைப்போல் இருக்க வேண்டும். சுவரில் வட்டமான பீரங்கி ஓட்டைகள் போடாமல், கூரையும் மரத் தளமும் உள்ளே சரிந்து, அண்டை வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவர்கள் நிற்பதாகக் காட்டட்டும். இன்னொன்று: அக்காலக் கடைவீட்டின் முகப்பு செங்கல் தெரியும் சுவரன்று; அது சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர். முழுச் சுவரிலும் செங்கல் செதுக்கியதே தவறு.

பிறை_தச்சன்
இதை முழுமனதோடு ஏற்கிறேன், ஐயா. அவருடைய சிக்கலுக்கும் இதில் வழி இருக்கிறது. ஃபோம் போர்டின் வழுவழுப்பான தாளே சாந்து பூசிய முகப்பாக நிற்கட்டும். சாந்து பெயர்ந்ததாகக் காட்ட வேண்டிய சிறு சிறு இடங்களில் மட்டும் தாளைக் கத்தியால் கீறி உரித்து, அங்கே மட்டும் செங்கல் செதுக்கினால் போதும். தாள் இருபக்கமும் பெரும்பாலும் இருப்பதால் வளைவு குறையும், திறந்த ஃபோமும் குறையும், கிழிந்த தாளின் ஓரமே உடைந்த சாந்தின் தடிப்பாகத் தோன்றும். செங்கல் வரிசை ஒன்று 2 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டலாம். கதவு 60 மில்லிமீட்டர் இருந்தால் ஏறத்தாழ 2.1 மீட்டர் கதவுக்குச் சரியாகும். உங்கள் செங்கல் எவ்வளவு உயரம், தம்பி?

கிள்ளான்_தூரிகை
மரச் சன்னல்களையும் ஃபோமிலேயே வெட்டிவிடாதீர்கள். ஐஸ்கிரீம் குச்சி நன்றாக வரும். கடைவீட்டின் முன்னால் கூரையோடு வரும் ஐந்தடி நடைபாதையின் தூண்களுக்குள் ஒரு மூங்கில் குச்சியைச் செருகினால் சாயாது. சுவரைக் காய வைப்பது மின்விசிறியின் கீழே என்பதில் எனக்கு மாற்றமில்லை.

மூத்த_செதுக்கர்
பிளாஸ்டரில் செய்திருந்தால் வளைவு என்ற பேச்சே எழுந்திருக்காது.

ஆயர்_ஈத்தாம்_35
பிளாஸ்டர் கடைவீட்டை மேசையிலிருந்து கண்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போவது யார்? கனத்தில் ஒரு மூலை உடைந்தால், சனிக்கிழமைக்குள் இன்னொன்று வார்க்க முடியுமா?

ஜெலுத்தோங்_இளையவன்
நன்றி. புதிய பலகையில் தாளை விட்டுவைத்து, மூன்று இடங்களில் மட்டும் உரித்தேன். பசைப் பூச்சு இருபக்கமும் கொடுத்தாகிவிட்டது. சுவர் நேராக நிற்கிறது, குழி இல்லை. டாங்கியைக் காட்சியிலிருந்து நீக்கவில்லை, வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தியிருக்கிறேன்.

பிறை_தச்சன்
மகிழ்ச்சி. சுவரைப் பழையதாகக் காட்டும் மங்கல் வண்ணம் பூசுவதற்கு எனாமல் தின்னர் பயன்படுத்துவதாக இருந்தால், அதுவும் கரைப்பான்தான் என்பதால் முதலில் வெட்டியெறிந்த துண்டில் சோதித்துப் பாருங்கள். செங்கல் உயரத்தை இன்னும் நீங்கள் சொல்லவில்லை.