பாட்டும் பொம்மலாட்டமும் மட்டும் போதுமா? இரண்டாம் வகுப்புப் பாடம் குறித்து ஒரு கேள்வி

கேள்வி (ஒரு தாய்):
வணக்கம். அரசுத் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், வீட்டுக்கு வந்தால் பாட்டு, பொம்மலாட்டம், கதை என்றே பேசுகிறாள். தனியார் பள்ளியில் படிக்கும் என் அண்ணன் மகனுக்கோ நோட்டு நிறைய வீட்டுப்பாடம். பாடம் முறையாக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில் (தொடக்கப்பள்ளி ஆசிரியை):
அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றைக் கற்பிக்கும் வழியே பாட்டும் பொம்மலாட்டமும்தான். பிள்ளைகளின் கற்றல் நிலையை அறிந்து, அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்து, அதற்கேற்ற பயிற்சிகளைத் தருகிறோம். அவள் இதுவரை பார்த்திராத ஒரு சிறு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டியாவது தானே வாசித்தால் நல்லது, மனப்பாடமான பாடத்தை மட்டுமே ஒப்பித்தால் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள்.

பதில் (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்):
2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோதும் பெற்றோர் இப்படித்தான் கேட்டார்கள். பிள்ளைகள் தரையில் அமர்ந்து, அட்டையைத் தாமே எடுத்துப் படித்து, சுவரின் கீழ்ப்பகுதியில் தமக்கென இருந்த கரும்பலகையில் எழுதியதை நேரில் கண்ட பிறகே பலர் தெளிந்தார்கள். என் மனக்குறை வேறு: ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளியில் எந்த முறையும் தளர்ந்துவிடும். பெற்றோரும் ஆசிரியர்களும் இடம்பெறும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதை அவசியம் கேளுங்கள்.

கேட்டவர்:
நன்றி ஐயா, நன்றி அம்மா. பத்தியை வாசிக்கச் சொன்னேன். சில எழுத்துகளில் தயங்கினாலும் தானே வாசித்தாள். அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் போகிறேன்.