மரத் தண்ணீர்த் தொட்டிக்கு நிலநடுக்கச் சோதனை: செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நிற்கும் பலகைகளை இரும்பு வளையத்தால் இறுக்கிய வட்டத் தொட்டியின் மாதிரி ஒன்றை, நிலநடுக்கம் போல ஆட்டும் அதிர்வு மேசையில் ஏற்றப் போகிறோம், கொஞ்சம் கைகொடுங்கள். அசல் தொட்டி 3 மீட்டர் விட்டம், தண்ணீர் 3 மீட்டர் ஆழம். கணக்குப்படி தண்ணீர் ஒருமுறை அலம்பித் திரும்ப ஏறத்தாழ 1.8 விநாடி ஆகும். நான்கில் ஒரு பங்கு மாதிரியில் அது 0.9 விநாடி, அதற்கேற்ப அதிர்வையும் சுருக்கிவிடலாம், சரி.

மரம்தான் தலைவலி. பலகை ஊறி உப்பினால்தான் இடுக்கு அடைபடும், வளையமும் விறைக்கும். போன வாரம் நிரப்பினோம், முதல் நாள் முழுக்க ஒழுகித் தள்ளியது, மறுநாள் ஒரு சொட்டு இல்லை, ஆனால் கீழ் வளையம் மரத்தில் அரை மில்லிமீட்டர் பதிந்து கிடந்தது.

இப்போது எத்தனை நாள் ஊறவிட்டுச் சோதிப்பது? வளையத்தின் இழுவிசையை அளக்க ஸ்ட்ரெயின் கேஜை (இரும்பு எவ்வளவு நீள்கிறது என்று காட்டும் சிறு உணர்வி) வளையத்தை இறுக்கும் நட்டுக்குப் பக்கத்தில் ஒட்டலாமா, எதிர்ப்பக்கமா? அப்புறம், நிலநடுக்கத்தில் தண்ணீர் சுவரைத் தள்ளும் விசையைக் கணக்கிடும் ஹவுஸ்னர் முறை, சுவர் வளையாது என்று வைத்துக்கொள்கிறது, இங்கே பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குமே, அதை எப்படிக் கணக்கில் சேர்த்தீர்கள்? தொட்டியை முழுக்க நிரப்பி மட்டும் ஆட்டினால் போதாது, பாதி நிரப்பியும் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். தவறென்றால் திட்டியாவது சொல்லுங்கள்.