சின்ன ஊர் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

சோளக்காட்டு அம்மா (ஓஹையோ)

லெவி தோற்று ஐந்து மாதம் ஆகிறது. லெவி என்றால் பள்ளிகளை நடத்தும் டிஸ்ட்ரிக்டுக்காக ஊர் ஓட்டுப் போட்டு ஏற்கும் சொத்து வரி. ஒன்பது ஓட்டில். அந்த ஒன்பது எனக்கு உறுத்தவில்லை. எனக்கு ஓட்டே கிடையாது, இன்னும் கிரீன் கார்டுதான். உறுத்துவது அதற்கு இரண்டு வாரம் முன்னால் நடந்த ஸ்கூல் போர்டு கூட்டம்.

லைப்ரரியில் நடந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலிகளில் ஆறடி ஆட்கள் முழங்காலைத் தாடைக்குக் கிட்டே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஐந்து உறுப்பினர்கள். எல்லாரும் ஊர் தேர்ந்தெடுத்த ஆட்கள்தான். ஒருவர் எங்கள் பல் டாக்டர், இன்னொருவர் டிராக்டர் பழுது பார்ப்பவர். பேச விரும்பினால் ஆளுக்கு மூன்று நிமிடம். நேரம் பார்க்க முட்டை வடிவத்தில் ஒரு சமையலறை டைமர். நான் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஐந்து மில் லெவி (ஒரு மில் என்பது வரி மதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர்) என்றால் ஒன்றரை லட்சம் டாலர் வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். சந்தை விலையில் 35 சதவீதத்துக்குத்தான் இங்கே வரி, அதனால் வருடத்துக்கு 262 டாலர் சொச்சம். ஒரு நாளைக்கு ஒரு டாலர்கூட இல்லை. அதுதான் என் கடைசி வரி.

எனக்கு முன்னால் பக்கத்துப் பண்ணைக்காரர் எழுந்தார். எழுபதைத் தாண்டியவர். பனி கொட்டினால் நாங்கள் கேட்காமலே எங்கள் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போகிறவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “சோளம் விலை விழுந்த வருஷமும் எனக்குப் பில் ஏறித்தான் வந்தது. என் வருமானத்தில் கேளுங்கள், கொடுக்கிறேன். மண்ணில் கேட்காதீர்கள்” என்றார். டைமர் அடிக்கும் முன்பே உட்கார்ந்துவிட்டார். அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன்.

தோற்றதும் முதலில் போனது ஹைஸ்கூல் பஸ். எட்டாம் வகுப்பு வரை, இரண்டு மைலுக்கு மேல் இருக்கும் பிள்ளைகளை ஏற்றிப் போக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அதற்கு மேல் டிஸ்ட்ரிக்டின் இஷ்டம். என் மகன் ஒன்பதாவது. தினமும் காலையில் 14 மைல் ஓட்டுகிறேன்.


இரவு டியூட்டி (டெக்சாஸ்)

டாக்டர் கிடைக்காத ஊரில் மூன்று வருடம் வேலை பார்த்தால் விசா சிக்கல் தீரும் என்று வந்தவன். ஏழு வருடம் ஆகிறது. மழலையர் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மொத்தம் 240 பிள்ளைகள், எல்லாம் ஒரே வளாகம்.

டெக்சாஸ் கணக்கு தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெயர்ப்பதிவேட்டில் எத்தனை பேர் என்று பார்த்து மாநிலம் பணம் தருவதில்லை. சராசரியாக எத்தனை பேர் தினம் வந்தார்கள் என்று பார்த்துத்தான் தருகிறது. ஒரு பிள்ளைக்கு அடிப்படைத் தொகை 6,160 டாலர் என்று 2019இல் வைத்தார்கள். விலைவாசி எங்கேயோ போனது, அது அசையவில்லை. 2025இல் 55 டாலர் ஏற்றினார்கள்.

ஃப்ளூ வாரம். நாலாவது படிக்கும் என் மகளுக்கு நூறு டிகிரி தாண்டிக் காய்ச்சல். பள்ளிக்கு போன் செய்து சொன்னேன். அலுவலக அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: “டாக்டர், பத்து மணிக்கு வருகை எடுக்கிற வரைக்கும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகட்டுமா? இன்றைக்கு நாற்பது பேர் இல்லை.”

கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் நான், கூட்டிக்கொண்டு போனேன். பிக்கப்பை வாசலில் நிறுத்தி, ஜன்னல் வழியாக அவள் ஸ்வெட்டரோடு மேசையில் தலையைச் சாய்த்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 9:52. 9:57. 10:01க்கு இறங்கிப் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை, போன வருடம் அவருடைய வேலை நேரத்தையே பாதியாக்கிவிட்டார்கள். ஆனால் அந்த ஜன்னல் அடிக்கடி ஞாபகம் வருகிறது.


மஞ்சள் பஸ் (நெப்ராஸ்கா)

எங்கள் டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரியான சூப்பரிண்டெண்டென்ட்தான் காலையில் இரண்டாம் நம்பர் பஸ் ஓட்டுகிறார். டிரைவர் கிடைக்கவில்லை. ஒரு நாள் என் பையனின் மார்க் பற்றிப் பேச நேரம் கேட்டேன். “3:40க்கு உங்கள் வீட்டு வாசலில் நிற்பேன், இரண்டு நிமிஷம் பேசலாம்” என்றார். ஏர் பிரேக் புஸ்ஸென்று சத்தம் போட, பஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே முப்பது பிள்ளைகள் கேட்க, என் பையன் அல்ஜீப்ராவில் ஃபெயில் ஆகப்போகிறான் என்று சொன்னார். அவ்வளவுதான். அவன் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.


ரெட்டை ஜடை டீச்சர் (அரிசோனா)

நான் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் கணக்கு டீச்சராக வந்தவள். நவாஹோ நிலத்தை ஒட்டிய டிஸ்ட்ரிக்ட், டீச்சர்களுக்கு டிஸ்ட்ரிக்டே வீடு கொடுக்கும். இங்கே லெவி சண்டை பெரிதாக இல்லை, ஏனென்றால் வரி போடவே நிலம் இல்லை. பழங்குடி நிலத்துக்குச் சொத்து வரி கிடையாது. அதற்கு ஈடாக ஃபெடரல் அரசு ‘இம்பாக்ட் எய்ட்’ என்று ஒன்று தருகிறது, 1950லிருந்து இருக்கும் திட்டம். ஆனால் அந்த நிலத்தில் எந்தப் பிள்ளை வசிக்கிறது என்று ஒவ்வொரு வருடமும் குறிப்பிட்ட ஒரு தேதிக்கு ஒரு படிவம், பெற்றவர் அல்லது வளர்ப்பவர் கையெழுத்தோடு. கையெழுத்து இல்லை என்றால் அந்தப் பிள்ளை கணக்கில் இல்லை.

என் வகுப்பில் ஒரு படிவம் மட்டும் வரவில்லை. பஸ்ஸோடு நானும் போனேன். தார் ரோடு முடிந்து மண் ரோட்டில் அரை மணி நேரம். பாட்டி கம்பளம் நெய்துகொண்டிருந்தார். ஆங்கிலம் அவருக்கு அதிகம் வராது, பேத்திதான் மொழிபெயர்த்தாள். படிவத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு பாட்டி ஏதோ கேட்டார், பேத்தி சொல்லாமல் தரையைப் பார்த்தாள். நான் வற்புறுத்திக் கேட்டதும் சொன்னாள்: “நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று இவர்களுக்கு வருஷா வருஷம் ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்.”

கையெழுத்துப் போட்டுவிட்டார். திரும்பி வரும்போது தறியில் விட்ட இடத்திலிருந்து நூலை எடுத்துக்கொண்டிருந்தார். டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டார், பஸ் காத்திருந்ததால் குடிக்கவில்லை. குடித்திருக்கலாம்.


ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

மகள் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் வந்திருக்கிறேன். எல்லாவற்றையும் வாசித்தேன். என் அனுபவம் சிறியது. பேரன் பள்ளியில் கூரை ஒழுகுகிறது என்று வெள்ளிக்கிழமை இரவு மீன் வறுத்து விற்றார்கள். அந்த வரிசையில் நானும் நின்று பன்னிரண்டு டாலர் கொடுத்து ஒரு துண்டு மீன் வாங்கினேன். வீட்டுக்குத் தெரியாமல் சாப்பிட்டேன், நான் சைவம். அது கிடக்கட்டும்.

சோளக்காட்டு அம்மாவுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். நீங்கள் பேசியிருக்க வேண்டும். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் 31 வருடம் இருந்தவன் சொல்கிறேன். எங்களுக்குச் சம்பளம் கருவூலத்திலிருந்து வந்துவிடும். சத்துணவு 1982லிருந்து அரசே போடுகிறது, இப்போது காலை உணவும் இருக்கிறது. ஆனால் சுற்றுச்சுவர், கழிவறை, குடிதண்ணீர் எல்லாவற்றுக்கும் நான் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் நடந்த நடைக்கு அளவில்லை. மூன்று நிமிடத்தில் வாயைத் திறக்காமல் வந்தால் யார் தருவார்கள்?

செய்ய வேண்டியவை: முதலில் முன்னாள் மாணவர்களைத் திரட்டுங்கள், வெளியூரில் இருக்கிறவன்தான் தாராளமாகக் கொடுப்பான். இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழு என்று பெற்றோரைச் சேர்த்து மாதாமாதம் கூடித் தீர்மானம் போடுங்கள், தீர்மானப் புத்தகம் பைண்டு செய்ததாக இருக்கட்டும். மூன்றாவது, பக்கத்து டிஸ்ட்ரிக்டோடு சேர்ந்துவிடுங்கள். 1940இல் இந்த நாட்டில் ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் டிஸ்ட்ரிக்ட் இருந்ததாம், இப்போது சுமார் பதின்மூன்றாயிரம்தான் என்று பேரன் எடுத்துக் காட்டினான். எல்லாரும் சேர்ந்துதானே வந்திருக்கிறார்கள்? உங்கள் ஊருக்கு மட்டும் என்ன? நான்காவது, கலெக்டரிடம் நேரில் மனு. தபாலில் அனுப்பாதீர்கள். ஐந்தாவது, அந்தப் பண்ணைக்காரர் வீட்டுக்கு ஒரு தட்டு பழத்தோடு போய்ப் பேசுங்கள். பெரியவர்களிடம் கூட்டத்தில் பேசக் கூடாது, திண்ணையில் பேச வேண்டும். டெக்சாஸ் டாக்டர் தம்பிக்கு: காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பியது தவறு.


கணக்குப்பிள்ளை (ஓஹையோ)

ஐயா, இங்கே கலெக்டர் கிடையாது. மனு கொடுக்க வேண்டிய ஆள் அந்த ஒன்பது ஓட்டுக்காரர்கள்தான். டிஸ்ட்ரிக்டை இணைக்கிற பேச்சை எடுத்துப் பாருங்கள், ஃபுட்பால் அணியின் பெயருக்கே ஊர் இரண்டாகும். அரசே கொடுத்தால் நிம்மதி என்று சொல்ல வருகிறீர்கள். 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா பணத்தை, பிஎம்ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது, மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போனது. மேலே இருப்பவர் கைமூடினால் அங்கேயும் அதே கதைதான்.

சோளக்காட்டு அம்மா, உங்களோடும் எனக்கு ஒரு சண்டை. 262 டாலர் என்பது வீட்டுக்குச் சரி. பண்ணைக்காரர் சொன்னது அழுகை இல்லை, கணக்கு. ஓட்டுப் போட்டு வந்த லெவியில், சொத்து மறுமதிப்பீட்டால் மொத்த வசூல் ஏறக் கூடாது என்று 1976இல் ஹவுஸ் பில் 920 என்ற மாநிலச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் டிஸ்ட்ரிக்டுகள் கொஞ்ச வருடத்துக்கு ஒரு தடவை புது லெவியோடு வந்து நிற்கின்றன. ஆனால் சொத்து மதிப்பு ஏற ஏற மில் குறைந்துகொண்டே போய் இருபதைத் தொட்டால் அதற்குக் கீழே குறையாது. நிறையக் கிராமத்து டிஸ்ட்ரிக்டுகள் அந்த இருபதில்தான் நிற்கின்றன. அங்கே உழவு நிலத்தின் மதிப்பை ஏற்றியபோது பில்லும் அப்படியே ஏறியது, யாரும் ஓட்டே போடாமல். வருமானத்தில் கேளுங்கள் என்று அவர் சொன்னதும் சும்மா இல்லை. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் வருமான வரி ஓஹையோ சட்டத்தில் இருக்கிறது, பல கிராமங்கள் அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கின்றன. உங்கள் போர்டு அதை யோசித்ததா?

சொத்து வரியை இப்படி நம்பியிருக்கும் முறை மாநில அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று ஓஹையோ உச்ச நீதிமன்றம் 1997இல் சொன்னது. டெரோல்ஃப் வழக்கு, பெர்ரி கவுண்டி என்ற கிராமப்பக்கத்தில் பிறந்தது. 2000இலும் சொன்னது, 2002இலும் சொன்னது. அப்புறம் கோப்பை மூடிவிட்டார்கள்.

எனக்கென்று சொந்த அனுபவம் எதுவும் இல்லை. ஒரு டிஸ்ட்ரிக்ட் டிரஷரர் ஆபீஸில் வேலை பார்த்தேன், லெவி தோற்றதும் என் வேலை போனது.


மஞ்சள் பஸ் (நெப்ராஸ்கா)

அது அனுபவம் இல்லையா?


சோளக்காட்டு அம்மா (ஓஹையோ)

கணக்குப்பிள்ளை, இருபது மில் விஷயம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரியாமல்தான் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். வருமான வரி பற்றி போர்டில் ஒருவர் மட்டும் கேட்டார், டிராக்டர்காரர்.

ஐயா, திண்ணைக்குப் போனேன். பழத்தட்டு இல்லை, முறுக்கு. அவர் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, பையன் எப்படிப் பள்ளிக்குப் போகிறான் என்று கேட்டார். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். செவ்வாயும் வியாழனும் அந்தப் பக்கம்தான் எலிவேட்டர் என்கிற தானியக் கிடங்குக்குத் தானியம் கொண்டுபோகிறேன், லாரியில் ஏற்றிக்கொள்கிறேன் என்றார். போன வாரத்திலிருந்து அப்படித்தான் போகிறான்.

எழுதின தாள் இன்னும் காரில்தான் கிடக்கிறது. அதன் பின்பக்கம் மளிகைப் பட்டியல் எழுதிவிட்டேன்.