புதுப்பிப்பு: பாலிவினைல் அசிடேட்டின் ஆல்ஃபா உச்சி இப்போது முழுசாகத் தெரிகிறது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நான் கேட்டிருந்தது இதுதான்: பாலிவினைல் அசிடேட் என்ற பாலிமரின் படலத்தை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்து டைஎலக்ட்ரிக் அளவீடு (மாறும் மின்புலத்துக்குப் பொருள் எப்படி எதிர்வினை தருகிறது என்று அதிர்வெண் வாரியாக அளப்பது) எடுத்தால், குறைந்த அதிர்வெண்ணில் நேர்மின்னோட்ட (DC) கடத்தல் ஏறி வந்து, பாலிமர் சங்கிலிகளின் அசைவால் வரும் ஆல்ஃபா உச்சியின் இடது பக்கத்தை விழுங்கிவிடுகிறது, என்ன செய்வது?

கைகொடுத்தது வகைக்கெழு முறைதான். அளவீட்டில் இரண்டு பகுதிகள் வரும்: மின்னாற்றலைச் சேமிப்பதைக் காட்டும் மெய்ப்பகுதி, அதை வெப்பமாக இழப்பதைக் காட்டும் இழப்புப் பகுதி. சாதாரணக் கடத்தல் இழப்புப் பகுதியில் மட்டுமே தெரியும், மெய்ப்பகுதியில் வராது. அதனால் மெய்ப்பகுதியை அதிர்வெண்ணின் இயல் மடக்கையைப் பொறுத்து வகையிட்டு, −π/2 ஆல் பெருக்கினேன். அந்த ஏற்றம் போய் உச்சி தனியாக நின்றது. ஒன்றைக் கவனியுங்கள், இந்த உச்சி அசல் இழப்பு உச்சியைவிட ஒடுங்கலாக இருக்கும், ஆகவே உச்சியின் வடிவத்துக்குப் பொருத்தும் ஹாவ்ரிலியாக்-நெகாமி சார்பையும் வகையிட்டுத்தான் பொருத்த வேண்டும். மின்முனை முனைவாக்கம் (மின்முனை ஓரத்தில் அயனிகள் குவிவது) மெய்ப்பகுதியிலும் இருப்பதால், மிகக் குறைந்த அதிர்வெண்ணில் அது அப்படியே இருக்கிறது.

எதிர்பாராதது அப்புறம்தான். வெற்றிடத்தில் உலர்த்தச் சொல்லியிருந்தார்கள், கடத்தல் குறையும் என்றுதான் நினைத்தேன். குறைந்தது, சரி, ஆனால் அதே வெப்பநிலையில் உச்சியே குறைந்த அதிர்வெண் பக்கம் நகர்ந்துவிட்டது! படலத்தில் இருந்த ஈரம் சங்கிலிகளை இளக்கி வேகமாக அசைய விட்டிருக்கிறது. உலர்த்தாமல் எடுத்த தரவில் வோகல் சமன்பாட்டை (உச்சி வெப்பநிலையோடு எப்படி நகர்கிறது என்று சொல்வது) பொருத்தினால் வரும் எண்கள் ஈரப் படலத்துக்கானவை.