தகரக் கூரைக்கும் சிலிங்குக்கும் இடையில் சூடு இறங்குவது எப்படி?

கேள்வி (சுங்கை சிப்புட் வாசகர்):
வணக்கம். தோட்டத்தை ஒட்டியுள்ள எங்கள் வீட்டுக்குத் துருவேறிய பழைய தகரக் கூரை. முகட்டுக்குக் கீழே ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரமுள்ள முக்கோண வெற்றிடமும் அதன் அடியில் பலகைச் சிலிங்கும் உள்ளன. நண்பகல் கடந்ததும் சிலிங்கைத் தொட்டால் உள்ளங்கையில் சூடு உறைக்கிறது. சூடான காற்று மேலேதான் செல்லும் என்றால், கூரையின் சூடு கீழே எப்படி வருகிறது? காற்றை வெளியேற்றும் விசிறி வைக்கலாம் என்கிறார் குத்தகையாளர். அதனால் பயன் உண்டா?

பதில் 1 (பொறியியல் விரிவுரையாளர்):
ஐயா, நீங்கள் எழுப்பிய ஐயம் மிகச் சரியானது. பகலில் மேற்பக்கம் சூடாகவும் அடிப்பக்கம் குளிர்ச்சியாகவும் இருப்பதால், சூடான காற்று முகட்டிலேயே அடுக்கடுக்காகத் தங்கிவிடுகிறது. சலனமே இல்லாத அந்தக் காற்றின் வழியாகக் கடத்தலால் இறங்கும் வெப்பம், கூரை 60 டிகிரி, சிலிங் 40 டிகிரி என்று வைத்துக்கொண்டால், சதுர மீட்டருக்குச் சுமார் 1 வாட்தான். தாழ்வாரத்து ஓரங்களில் இடைவெளி குறுகுவதால் அங்கு மட்டும் சற்றுக் கூடும். உண்மையான குற்றவாளி வெப்பக் கதிர்வீச்சு. துருப்பிடித்த தகரத்தின் உமிழ்திறனும் (ஒரு பரப்பு வெப்பக் கதிர்களை வெளிவிடும் திறன்; அதிகபட்சம் 1) பலகையின் உமிழ்திறனும் 0.9 அளவில் இருக்கும்போது, அதே வெப்பநிலைகளில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 125 வாட் சிலிங்கின்மேல் விழுகிறது. உமிழ்திறன் 0.05 கொண்ட பளபளப்பான அலுமினியத் தாளைக் கூரைக்கு அடியில் கட்டினால் இது 10 வாட்டுக்கும் கீழே இறங்கும். விசிறி காற்றை மாற்றுமே தவிர, கதிர்வீச்சைத் தடுக்காது. ஆகவே முதலில் தாளுக்குச் செலவிடுங்கள்.

கேள்வியாளர்:
மிக்க நன்றி ஐயா. இரவிலும் இதே நிலைதானா?

பதில் 1:
இல்லை, இரவில் நிலைமை தலைகீழாகிறது. தெளிந்த வானத்தை நோக்கித் தகரம் வெப்பத்தை இழந்து குளிர, சிலிங் அதைவிடச் சூடாக இருப்பதால், காற்று உண்மையாகவே சுழலத் தொடங்குகிறது. வெறும் 5 டிகிரி வேறுபாடு இருந்தாலே உங்கள் முக்கோணத்தில் ரேலீ எண் (வெப்ப வேறுபாடு காற்றை எவ்வளவு வலுவாகச் சுழலத் தூண்டுகிறது என்பதைக் காட்டும் எண்) 70 கோடியைத் தாண்டும். அந்த எண் உயரத்தின் மும்மடியோடு வளர்வதே காரணம். இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு: கூரையின் இரு சரிவுகளும் ஒரே அளவில் குளிர்ந்தாலும், வெப்பநிலை வேறுபாடு ஒரு வரம்பைக் கடந்ததும் சுழற்சி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது என்பதை ஹோல்ட்ஸ்மேன், ஹில், பால் ஆகியோர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் காட்டினர்.

பதில் 2 (தச்சு வேலை செய்பவர்):
விரிவுரையாளர் கூறியதை நான் வழிமொழிகிறேன். தாளின் பளபளப்பான முகம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி வைத்தால் தூசி படிந்து பயன் குறைந்துவிடும். சிலிங்கின்மேல் நேரடியாக விரித்துவிடாமல், கைமரங்களின் அடியில் இழுத்து அடியுங்கள். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், ஏறுவதற்கு முன் மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, பழைய வயர்களின் உறை எங்கும் வெடித்திருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.