கிண்டிக் குதிரை, கானாடுகாத்தான் வீடு: நாவலுக்கு உதவி வேண்டும்

வணக்கம். 1930களில் நடக்கும் கலகலப்பான துப்பறியும் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் செட்டிநாட்டில் காரைக்குடிக்குப் பக்கத்திலிருக்கும் கானாடுகாத்தான். மெட்ராஸிலிருந்து வரும் இரண்டு எத்தர்கள் வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்துகொண்டு கிண்டிப் பந்தயக் குதிரைகளைப் பற்றி அளக்கிறார்கள். எட்டுக் குதிரை ஓடும் பந்தயம் என்றால் எட்டு வீட்டில் எட்டுப் பெயர் சொல்வார்கள். எது ஜெயித்தாலும் ஒரு வீட்டில் வாக்குப் பலித்துவிடும். அடுத்த பந்தயத்துக்குப் பெரிய தொகை கறப்பது அந்த வீட்டில்தான். பழைய உத்திதான், ஆனால் காலணா கணக்குப் பிசகாத குடும்பம் அதில் எப்படி விழுகிறது என்பதுதான் கதையே. துப்பறிவது அந்த வீட்டு ஆச்சி.

கிண்டியில் பந்தயம் தொடங்கியது 1777இல், மெட்ராஸ் ரேஸ் கிளப் வந்தது 1896இல். இதெல்லாம் கிடைத்துவிட்டது. எனக்கு வேண்டியது நம்ம ஊர்ப்பக்கத்துச் செய்தி. பந்தய முடிவு காரைக்குடிக்குத் தந்தியில் வந்ததா, மறுநாள் பேப்பரிலா? முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, தெரியாதவரிடம் பணம் கட்டுவதுதான் என் எத்தர்களின் அடுத்த மோசடி. அதனால் இந்த நேரக் கணக்கு ரொம்ப முக்கியம்.

ஐயா காலத்துக் கடிதம், ரேஸ் புத்தகம், பேரேட்டில் குதிரைக்கென்று எழுதிய பற்று, எது இருந்தாலும் படம் எடுத்துப் போடுங்கள். பெயரையும் தொகையையும் மறைத்துவிடலாம். அப்பத்தா சொன்ன கதையானாலும் சரி. அப்புறம், அந்தக் காலத்தில் தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் யார் குடும்பத்திலாவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.